பரமட்டா பார்க்கில் ஒரு விலாங்கு

வெஸ்ட்மீடிலிருந்து ஒருவர்:

சிட்னியின் மேற்கே உள்ள பரமட்டா பார்க்கில் எட்டு வருடமாக நடக்கிறேன். எனக்கு அங்கே தெரிந்ததெல்லாம் பார்பிக்யூ அடுப்பும் பிறந்தநாள் பார்ட்டிகளும், பார்க்கிங் கிடைக்குமா என்ற கவலையும்தான்.

போன கோடையில் ஒரு ஞாயிறு, ஆற்றோரம் மகள் "அப்பா, பாம்பு!" என்று அலறினாள். தடுப்பணைக்குக் கீழே ஆழமில்லாத தண்ணீரில் என் மணிக்கட்டு தடிமனுக்குக் கறுப்பாக ஒன்று நெளிந்தது. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறான் என்று ஊரில் சிலரைத் திட்டுவோமே, அந்த விலாங்கேதான். பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் சிரித்துவிட்டார். இந்தப் பகுதியின் பழங்குடிகளான தருக் இனத்தைச் சேர்ந்தவராம். "இந்த ஊர்ப் பெயரே அதுதானே" என்றார்.

'புர்ரா' என்றால் விலாங்கு. இந்த ஆற்றங்கரையில் வாழ்ந்த குடி புர்ரமட்டகல். வெள்ளைக்காரர் வாயில் அது பரமட்டா ஆகிவிட்டது. உள்ளூர் ரக்பி அணிக்கு ஈல்ஸ், அதாவது விலாங்குகள், என்று பெயர். அந்த ஜெர்சியை ரயிலில் நூறு தடவை பார்த்தும் ஏன் என்று நான் யோசித்ததே இல்லை!

கிளம்பும்போது அந்த அம்மா ஒரு யூகலிப்டஸ் மரத்தைக் காட்டினார். வாரம் தவறாமல் நான் தாண்டிப்போகும் மரம். அடிமரத்தில் ஆள் உயரத்துக்குப் பட்டை உரித்த தழும்பு, சுற்றிலும் விளிம்பு உதடு மாதிரித் தடித்திருக்கிறது. அவருடைய முன்னோர்கள் படகுக்கோ கேடயத்துக்கோ ஏந்து தட்டுக்கோ தேவையான பட்டையை மட்டும் உரித்துக்கொண்டு, மரத்தை வாழ விட்டுவிடுவார்களாம். மகள் தழும்பைத் தொடப் போனாள். அந்த அம்மா மெல்லத் தலையாட்டினார், வேண்டாம் என்று. ஊரிலிருந்து யார் வந்தாலும் இதே பார்க்கில் 1799-ல் கட்டிய ஆளுநர் மாளிகையைத்தான் கூட்டிப்போய்க் காட்டுவேன், 2010-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்ற பெருமையோடு. மரத்தை யாருக்கும் காட்டியதில்லை.

டூங்காபியிலிருந்து இன்னொருவர்:

அந்த விலாங்கு எங்கே போகும் தெரியுமா? வளர்ந்ததும் ஆற்றை விட்டுக் கடலில் இறங்கி, வடக்கே பவளக் கடல் வரை நீந்திப் போய், முட்டையிட்டு அங்கேயே செத்துவிடும். கண்ணாடி போன்ற குஞ்சுகள் கடல் நீரோட்டத்தில் மிதந்து இந்தக் கரைக்கு வந்து ஆறுகளில் ஏறுகின்றன. ஈரமாக இருந்தால் தடுப்பணைச் சுவரிலேயே ஊர்ந்து ஏறிவிடும். தயவுசெய்து ரொட்டி போடாதீர்கள்.

நான் தினமும் ரயில் ஏறும் டூங்காபிக்கும் ஒரு கதை உண்டு. 1797-ல் வெள்ளைக்காரர் குடியேற்றத்தை எதிர்த்த பெமுல்வுய் என்ற பழங்குடிப் போராளி தன் ஆட்களோடு அங்கிருந்த அரசாங்கப் பண்ணையைத் தாக்கினார். துரத்தியவர்களோடு பரமட்டாவில் மோதல். உடம்பில் ஏழு குண்டுகள் பாய்ந்தும் பிழைத்து, பிடித்துவைத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து தப்பியும் விட்டார். இதைப் படித்த பிறகு எங்கள் ஸ்டேஷனை முன்போலப் பார்க்க முடியவில்லை.

மறுபடி வெஸ்ட்மீட்:

நேற்று சாயங்காலம் போனோம். தலைக்கு மேல் பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பின, வாடை வேறு. விலாங்கு கண்ணில் படவில்லை. இருட்டும்வரை மகள் தடுப்பணையை விட்டு நகர மறுத்தாள், வீட்டுக்கு வந்தபோது இட்லி மாவு பொங்கி வழிந்திருந்தது.