1995 சப்மரைனர்: பெட்டியும் பேப்பரும் இருந்தால் போதுமா?

பழைய வாட்ச் ஒன்றுக்கு வந்த விளம்பரம் இதுதான்: "ரோலெக்ஸ் சப்மரைனர் 16610, 1995. பெட்டி, பேப்பர் உண்டு. பாலிஷ் போட்டதே இல்லை. இருட்டில் பளிச்சென்று ஒளிரும்." வாங்கலாமா?

கீகொடுப்போன்:
வாங்கலாம். செயினைக் கழற்றிப் படம் கேளுங்கள். 6 மணிப் பக்கம் இரண்டு லக்குகளுக்கு (செயினைப் பிடிக்கும் கொம்புகள்) நடுவே பொறித்த சீரியலும் பேப்பரில் உள்ளதும் ஒன்றாக இருக்கணும். 12 மணிப் பக்கம் மாடல் எண் 16610. இது பொருந்தினால் பாதிக் கவலை தீர்ந்தது.

பழையடயல்:
பேப்பர் அச்சடிக்க எவ்வளவு நேரம் ஆகும் சார்? விளம்பரத்தின் கடைசி வரியைப் படியுங்கள். 1995 டயலில் பூசியது டிரிஷியம், கதிரியக்கத்தால் ஒளிர வைக்கும் பொருள். அரை ஆயுள் 12.3 வருடம், இன்றைக்கு ஐந்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. அது எப்படிப் பளிச்சிடும்? 6 மணிக்குக் கீழே 'ஸ்விஸ் - டி<25' என்ற பொடி எழுத்தைத் தேடுங்கள். 'ஸ்விஸ் மேட்' என்றிருந்தால் பிற்பாடு மாற்றிய டயல். டி<25 இருந்தும் ஒளிர்ந்தால் யாரோ மேலே புதிதாக ஒளிரும் மருந்து பூசியிருக்கிறார்கள்.

கீகொடுப்போன்:
சர்வீஸில் கம்பெனியே டயலும் முள்ளும் மாற்றுவது வழக்கம்தானே. அது போலியா?

பழையடயல்:
போலி என்று யார் சொன்னது? அசல் டயல் விலை கேட்காதே என்கிறேன். சர்வீஸ் பில் எங்கே? 'பாலிஷ் போட்டதே இல்லை' என்பதும் சும்மா நம்பற வார்த்தை இல்லை. லக்கின் பக்கவாட்டுத் துளையைப் பாருங்கள். பாலிஷ் பட்டால் துளையின் வாய் மழுங்கும், நான்கு லக்கும் ஒரே தடிமனாக இருக்காது. நேர் மேலிருந்து எடுத்த படத்தில் இது தெரியவே தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில், பக்கவாட்டில் கேளுங்கள்.

டிக்டிக்:
இரண்டு பேரும் சட்டையையே பார்க்கிறீர்கள். உள்ளே இந்த மாடலுக்குரிய 3135 மெஷின்தானா? அதில் பேலன்ஸ் சக்கரத்தை (முன்னும் பின்னும் ஆடி நேரத்தைக் காப்பது) தாங்கும் பாலம் இருபுறமும் திருகப்பட்டிருக்கும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல் கிடையாது. சக்கரத்தின் உள்விளிம்பில் உள்ள சிறு நட்டுகளைத் திருகித்தான் சரிசெய்வார்கள். நெம்புகோல் தெரிந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

கீகொடுப்போன்:
பின்மூடியைத் திறந்தால் தண்ணீர் புகும் என்பாரே விற்பவர்.

டிக்டிக்:
நியாயம்தான். புது கேஸ்கெட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் வளையம்) போட்டு அழுத்தச் சோதனை செய்யணும், அந்தச் செலவை வாங்குபவர் ஏற்கலாம். டிக் ஓசையைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவிக்குத் திறக்கவே வேண்டாம். கருவியில் லிஃப்ட் ஆங்கிள் என்ற அமைப்பு 52, முழுக் கீ, டயல் மேல்நோக்கி. அலைவு, அதாவது பேலன்ஸ் சக்கரம் ஆடும் அளவு, 270 டிகிரிக்கு மேல் வந்தால் நல்லது. நாளுக்கு +2 நொடி என்று மட்டும் காட்டும் படத்தை நம்பாதீர்கள், எண்ணெய் காய்ந்த மெஷினையும் திருகி +2 காட்ட வைக்கலாம். 24 மணி நேரம் கழித்து இன்னொரு படம் கேளுங்கள். அலைவு எவ்வளவு விழுகிறது என்று அதில்தான் தெரியும்.

பழையடயல்:
அதற்கும் முன்னால், வாட்ச் அவர் கையில் இருக்கிறதா? 10:10 காட்டும் படத்தை எங்கிருந்தும் சுடலாம். கிரவுனை (கீ கொடுக்கும் குமிழ்) இழுத்து 7:40-இல் நிறுத்தி, பக்கத்தில் இன்றைய தேதி எழுதிய தாள் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

கீகொடுப்போன்:
7:40 என்றால் 6 மணி எழுத்தை முள் மறைக்காது, டி<25 வழக்கும் அதிலேயே தீரும். ஆனால் சர்வீஸ் டயல் என்று தெரிந்தாலும் விலை பேசி வாங்குவேன், அதில் மாற்றமில்லை.