எட்டு மாதம் இரும்பு மாத்திரை தின்ற கதை

ரங்கூனிலிருந்து எழுதுகிறேன். என் ஹீமோகுளோபின் எந்தக் காலத்திலும் 10.5-ஐத் தாண்டியதில்லை. மருந்துக்கடைக்காரர் முகத்தைப் பார்த்ததுமே இரும்புச்சத்துக் குறைவு என்று முடிவு கட்டிவிட்டார். எட்டு மாதம் மாத்திரை விழுங்கினேன். வந்தது மலச்சிக்கல்தான்.

அப்புறம் பார்த்த டாக்டரம்மா ஃபெரிட்டின் எடுத்துப் பார்த்துவிட்டு, "இரும்பு தாராளமா இருக்கே, நிறுத்துங்க" என்றார். நான் முழித்ததைப் பார்த்து அறிக்கையிலேயே இரண்டு வட்டம் போட்டார். ஃபெரிட்டினும் புரதம், ஹீமோகுளோபினும் புரதம். ஃபெரிட்டின் கிடங்கு; ஒரு மூலக்கூறுக்குள் 4,500 இரும்பு அணு வரை அடைத்து வைக்கும். ஹீமோகுளோபின் வண்டி, நாலு சங்கிலி, சங்கிலிக்கு ஓர் இரும்பு, ஒவ்வொன்றிலும் ஆக்சிஜன் ஏறிக்கொள்ளும். எனக்குக் கிடங்கு நிறைந்திருக்கிறது, கோளாறு வண்டியில். கடத்தும் புரதம், சேமிக்கும் புரதம், நொதி, ஹார்மோன் என்று பள்ளியில் ராகம் போட்டு ஒப்பித்தது இதற்கு உதவும் என்று யார் கண்டது!

அடுத்த சோதனையில் தெரிந்தது: ஹீமோகுளோபின் ஈ. பீட்டா சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் 26-ஆவது மட்டும் மாறி, குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் லைசின். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்திருக்கிறது. பர்மாவில் இது சகஜம். நாங்கள் சிவகங்கைப் பக்கம்தான், ஆனால் கப்பலேறி வந்த தாத்தாமார் இருவருமே இங்கே பர்மியப் பெண்களைக் கட்டிக்கொண்டவர்கள்.

எனக்குப் பெரிய ஆபத்து இல்லையாம். மகனுக்குப் பெண் பார்க்கும்போது மட்டும் ரத்தத்தையும் பார்க்கச் சொன்னார். பெண்ணிடம் பீட்டா தலசீமியா (பீட்டா சங்கிலியே போதுமான அளவு உருவாகாத பரம்பரை ரத்தக் குறைபாடு) மரபணு இருந்தால் பேரப்பிள்ளைக்குக் கஷ்டமாகிவிடலாம். ஜாதகக் கட்டோடு இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பெகுவிலிருந்து ஒரு பதில்:

அக்கா, எங்கள் வீட்டில் வண்டி சரி, காவல்தான் இல்லை. தம்பி ரப்பர் தோட்ட வேலைக்குப் போய் வைவாக்ஸ் மலேரியாவோடு திரும்பினான். அதற்கான பிரிமாக்வின் மாத்திரை கொடுத்த மூன்றாம் நாள் சிறுநீர் பால் விடாத தேநீர் மாதிரி கறுத்துவிட்டது. சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற புரதம் அவனுக்குக் குறைவு; அதனால் அந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைத்துவிட்டது. காக்கிற புரதம் என்றால் எதிர்ப்பான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், இது நொதி வகையாம். விரல்நுனி ரத்தத்தில் முன்பே பார்த்திருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. இப்போது அந்தச் சோதனைச் சீட்டைப் பர்சிலேயே வைத்துக்கொண்டு அலைகிறான்.