1983: 30 லட்சம் பேருக்கு வேலையில்லை, தாட்சருக்கு எப்படி 397 இடங்கள்?

கேள்வி: பிரிட்டனில் அவ்வளவு வேலையின்மை இருந்தும் பிரதமர் தாட்சர் 1983 நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயித்ததற்கு, 1982-ல் அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்து தீவுப் போர்தான் காரணமா?

பதில்: போர் மட்டும் இல்லைங்க. தாட்சரின் கன்சர்வேட்டிவ் கட்சியின் வாக்கு 1979 தேர்தலில் 43.9 சதவீதம், 1983-ல் 42.4. வாக்கு குறைந்தும் இடம் கூடியது! தொழிற்கட்சி 27.6, லிபரல்-சமூக ஜனநாயகக் கூட்டணி 25.4 என எதிர்ப்பு வாக்கு பிளந்துவிட்டது.

பதில்: ஆனாலும் போரை ஒதுக்க முடியாது. 1982-ல் எதிர்க்கட்சித் தலைவர் மைக்கேல் ஃபுட்டே படை அனுப்புவதை ஆதரித்தார். அப்படி விமர்சனம் அடங்கும்போது வேலையின்மைச் செய்தி பின்னுக்குப் போகும். பணவீக்கமும் இறங்கியிருந்தது, வேலையில் இருந்த பெரும்பான்மைக்கு அது பெரிய நிம்மதி.

பதில்: போருக்கும் தேர்தலுக்கும் இடையே உள்ள கால இடைவெளியையும் கவனியுங்கள். 1991-ல் வளைகுடாப் போர் முடிந்ததும் அமெரிக்க அதிபர் மூத்த புஷ்ஷுக்கு காலப் (Gallup) நிறுவனக் கருத்துக்கணிப்பில் 89 சதவீத ஆதரவு. ஆனால் 1992 நவம்பர் தேர்தலில் 37 சதவீத வாக்கோடு தோற்றார்.