புதுப்பிப்பு: அரிசி ஆலைக் கணினிகளின் வெப்பநிலை தெரிந்துவிட்டது

மன்னார்குடியில் உள்ள எங்கள் அரிசி ஆலையின் கணக்குகளைத் தாங்கும் மூன்று பழைய இன்டெல் கணினிகளும் கோடைப் பிற்பகல்களில் தாமாகவே அணைந்துவிடுகின்றன என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். டெபியன் (லினக்ஸ் வகை), ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என ஒவ்வொன்றிலும் ஓர் இயங்குதளம் ஓடுகிறது. இப்போது மூன்றிலும் வெப்பநிலையைப் படிக்க முடிகிறது.

டெபியனில் எல்எம்-சென்சார்ஸ் என்னும் உணரி படிக்கும் மென்பொருளை நிறுவி, உணரிகளைத் தேடும் சென்சார்ஸ்-டிடெக்ட் கட்டளையை ஓட்டியதும், இன்டெல் செயலியின் உணரியைப் படிக்கும் கோர்டெம்ப் டிரைவர் வழியாக வெப்பநிலை கிடைத்தது. விசிறியின் வேகமோ, மதர்போர்டில் விசிறி போன்றவற்றைக் கண்காணிக்கும் சூப்பர் ஐஓ சிப்புக்குரிய என்சிடி6775 டிரைவரை ஏற்றிய பிறகே தெரிந்தது. ஃப்ரீபிஎஸ்டியில் கோர்டெம்ப்பை, கணினி தொடங்கும்போது படிக்கப்படும் லோடர் கோப்பில் நாமே சேர்க்க வேண்டும் (ஏஎம்டி செயலி என்றால் ஏஎம்டிடெம்ப்). அங்கே விசிறி வேகத்தை இன்னும் பெற முடியவில்லை.

என்னை மிகவும் கவர்ந்தது ஓபன்பிஎஸ்டிதான். கூடுதலாக எதையும் நிறுவாமலே, கணினியின் அமைப்பு விவரங்களைக் காட்டும் சிஸ்சிடிஎல் கட்டளையில் எச்டபிள்யூ.சென்சார்ஸ் என்று கேட்டால் கிடைக்கும் அளவீடுகள் அனைத்தையும் தருகிறது. வரம்பு மீறினால் நாம் குறித்த கட்டளையைச் சென்சார்ஸ்டி என்னும் பின்னணி நிரல் இயக்குகிறது. இந்த உணரிக் கட்டமைப்பை 2007-இல் ஃப்ரீபிஎஸ்டியிலும் சேர்த்துச் சில நாட்களிலேயே நீக்கிவிட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அணைந்ததற்குக் காரணம், செயலியின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கில் அடைத்திருந்த உமித் தூசி. சுத்தம் செய்தபின், டெபியன் கணினியில் 96 டிகிரியாக இருந்த வெப்பநிலை அதே வேலைக்கு 71-க்கு இறங்கியது.