பொங்கல் லீவில் படகுப் பயணம்: உங்கள் நினைவுகளையும் எழுதுங்கள்

காணும் பொங்கல் நெருங்கினாலே எனக்கு முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, உப்புத் தண்ணீரில் நிற்கிற அந்த மரக்காடு, ஞாபகம் வந்துவிடும். படகில் போக வேண்டும் என்றால் நம் டெல்டாக்காரர்கள் உடனே ஆலப்புழைக்கு டிக்கெட் போடுகிறார்கள். அதுவும் அழகான ஊர்தான். ஆனால் நம் ஊர் ஆறு போய் முடிகிற இடத்திலேயே அப்படி ஒரு அமைதி இருக்கிறது. பார்த்தவர்கள் எழுதுங்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

எனக்கு ஊர் மன்னார்குடி. 2010 பொங்கல் லீவு. அப்பா, அம்மா, தோப்புத்துறையில் வாழ்க்கைப்பட்ட அத்தை, அத்தை பிள்ளைகள் இரண்டு பேர், நான், தங்கை. முதல் நாள் ராத்திரியே அம்மா புளிக்காய்ச்சல் வைத்துவிட்டார். விடிவதற்குள் புளியோதரையும் தயிர்சாதமும் தூக்குச்சட்டியில் ஏறின. முத்துப்பேட்டைக்கு பஸ், அங்கிருந்து ஜாம்பவானோடைக்கு ஆட்டோ. காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும், அதை அப்பா முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்.

கோரையாற்றில் படகு கிளம்பியது. கொஞ்ச தூரம் வரை சாதாரண ஆறுதான். தென்னை, கருவேலம், கரையில் காயப்போட்ட வலை. போகப் போகத் தென்னை குறைந்து, இரண்டு பக்கமும் அலையாத்தி மதில் போல நெருங்கி வந்தது. என்ஜின் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. படகுக்காரருக்கு அறுபது வயது இருக்கும். ஓரிடத்தில், யாரும் சொல்லாமலே, என்ஜினை நிறுத்திவிட்டுக் கழியைக் கையில் எடுத்தார். “இனிமே பேசாம வாங்க” என்றார்.

அடுத்த கால் மணி நேரத்தைத்தான் இத்தனை வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படகுக்கு அடியில் தண்ணீர் களக் களக் என்றது. கரைச் சேற்றில் மூச்சுவேர்கள் ஆயிரக்கணக்கில், யாரோ குச்சி குச்சியாக நட்டு வைத்தது போல் நின்றன. அவற்றுக்கு நடுவே சின்னச் சின்ன நண்டுகள் வளையிலிருந்து எட்டிப் பார்ப்பதும் ஓடி ஒளிவதுமாக இருந்தன. மடவை மீன் ஒன்று துள்ளி விழுந்த சத்தம் காடு முழுக்கக் கேட்டது போல இருந்தது. அத்தை நாள் முழுக்கப் பேசுவார். அவரும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படகுக்காரர் ஒரு இலையைப் பறித்து அத்தையிடம் கொடுத்தார். “நாக்குல வச்சுப் பாருங்கம்மா.” அத்தை தயங்கித் தயங்கி வைத்துப் பார்த்தார். உப்பு! வெயிலில் திருப்பிப் பிடித்தால் இலை மேல் பொடிப்பொடியாக மினுக்கியது. வேர் வழியாக ஏறுகிற உப்பை இந்த மரம் இலை வழியாக வெளியே தள்ளிவிடும் என்றார் அவர். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது, அந்த இலை மறக்கவில்லை.

அப்பா சொன்னது இன்னொன்று. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறதல்லவா, அங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் மூன்றாகப் பிரிகிறது. அதில் பாமணியாறுதான் எங்கள் ஊர் வழியாக வருகிறது, நாங்கள் நீச்சல் பழகிய ஆறு. “அங்கே பிரிஞ்ச கோரையாறும் பாமணியாறும் இந்த லகூன்லதாண்டா திரும்ப ஒண்ணு சேருது” என்றார். லகூன் என்றால் கடலை ஒட்டிய காயல். அன்றைக்கு வரை ஆறு எங்கே போகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

லகூனுக்குள் போனதும் கரை கண்ணுக்கு எட்டவில்லை. தூரத்தில் பூநாரைகள் வெள்ளையும் ரோஸுமாக வரிசை கட்டி நின்றன. லகூன் பார்க்கத்தான் கடல் மாதிரி, ஆழம் நிறைய இடங்களில் இடுப்பளவுகூட இல்லை. பறவைகளைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று போனோம், நீர் வற்றுகிற நேரம், படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. படகுக்காரர் இறங்கித் தோள் கொடுத்துத் தள்ளியும் நகரவில்லை. “நீர் ஏறட்டும், அதுவரைக்கும் சாப்பிடுங்க” என்றார். முதலில் அம்மாவுக்குப் பயம்தான். அப்புறம் படகுக்காரருக்கும் ஒரு இலை போட்டு எல்லோரும் நடுத் தண்ணீரில் புளியோதரை சாப்பிட்டோம். வேதாரண்யம் கால்வாய் வழியாக நாகப்பட்டினத்துக்குப் படகு படகாக உப்பு போன கதையை, மாமியார் சொல்லக் கேட்டபடி அத்தை சொன்னார். ஒன்றரை மணி நேரம் கழித்துப் படகு தானாக லேசாக ஆடியது. அந்த ஆட்டம் இன்னும் உடம்பில் இருக்கிறது.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. அடுத்த பொங்கலுக்குப் போனபோது மரங்கள் மொட்டையாக, சாம்பல் நிறத்தில் கிடந்தன. அப்பா படகில் ஒரு வார்த்தை பேசவில்லை. 2023-ல் மறுபடி போனேன். வனத்துறை மீன்முள் வடிவத்தில் வெட்டிவிட்ட வாய்க்கால்களின் ஓரமெல்லாம் முழங்கால் உயரத்துக்குக் கன்றுகள். உப்பு நீர் ஏறி இறங்கினால்தான் விதை ஊன்றுமாம். அப்பாவுக்கு வீடியோ அனுப்பினேன். மூன்று தடவை பார்த்ததாக அம்மா சொன்னார்.

சீர்காழியிலிருந்து

நீங்கள் எழுதியதைப் படித்ததும் பிச்சாவரம் ஞாபகம் வந்துவிட்டது. கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவில் இருப்பதால் அதையும் நம் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் சொல்கிறேன், மோட்டார் படகில் ஏறாதீர்கள். துடுப்புப் படகுதான் குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழையும். சுரபுன்னை வேர்கள் வளைந்து வளைந்து தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும். என் பெரியவள் ஒரு கிளையைப் பிடிக்கக் கை நீட்டினாள், துடுப்புப் போட்ட அண்ணன் சட்டென்று தடுத்தார். தில்லை மரம். அதன் பால் கண்ணில் பட்டால் அவ்வளவுதான். “சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேரு வந்ததே இதனாலதான் பாப்பா” என்று அவளிடம் சொன்னார். 2004 சுனாமியின்போது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் தப்பியதை அவர் சொல்லும்போது துடுப்பை நிறுத்திவிட்டார். நாங்களும் அப்படியே இருந்தோம்.

திருவாரூரிலிருந்து

எங்களுக்கு ஆறே வேண்டாம், குளம் போதும். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்கள் எங்கள் ஊரில். வேலி என்பது பழைய நில அளவு. கமலாலயக் குளத்தின் நடுவில் இருக்கிற கோயிலுக்குப் படகில்தான் போக வேண்டும். சின்ன வயதில் தாத்தா கூட்டிப் போவார். நாலு தெருவும் வண்டிச் சத்தமாக இருக்கும், பாதிக் குளம் தாண்டியதும் அது அடங்கிவிடும். தெப்பத்தின்போது ராத்திரி பீப்பாய் கட்டிய தெப்பம் நாதஸ்வரத்தோடு சுற்றி வரும். தண்ணீர் மேல் வருகிற நாதஸ்வரத்துக்கு ஒரு தனிக் குழைவு உண்டு, வேறு எங்கேயும் நான் கேட்டதில்லை.

குடவாசலிலிருந்து

திருக்கொள்ளம்பூதூர் ஓடத் திருவிழா பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வெட்டாற்றில் வெள்ளம் வந்து ஓடக்காரர்கள் போய்விட்டபோது சம்பந்தர் பதிகம் பாடி ஓடத்தைச் செலுத்திக் கரை சேர்ந்ததை ஐப்பசியில், தீபாவளியை ஒட்டிக் கொண்டாடுகிறார்கள். நான் ஒரே ஒரு தடவை, மழைத் தூறலில் நின்று பார்த்தேன். பக்கத்தில் ஒரு பாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பட்டுக்கோட்டையிலிருந்து

அண்ணா, இந்தப் பொங்கலுக்கு முத்துப்பேட்டை போகலாம் என்று இருக்கிறோம். மாமியாருக்கு முழங்கால் வலி, பையனுக்கு நாலு வயசு. முடியுமா?

முடியும்மா. காலையிலேயே கிளம்பிவிடுங்கள், பதினொரு மணிக்கு மேல் வெயில் தாங்காது. மாமியாரைப் படகின் நடுவில் உட்கார வையுங்கள், ஏற இறங்க இரண்டு பேர் கை கொடுத்தால் போதும். பையனுக்கு லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே விடாதீர்கள். நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று படகுக்காரரிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அலையாத்தி நெருங்கி வருகிற இடத்தில் என்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். அவருக்கும் ஒரு இலைச் சாப்பாடு எடுத்துப் போங்கள்.