பதில்: பதில்: பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பு – அரசு மானியம் கேட்கலாமா?

போஸ்ட்மாஸ்டர் வீட்டு மூத்தவள், மெல்போர்ன்

எல்லோருக்கும் வணக்கம்.

ஊருக்குப் போயிருந்தபோது பார்த்த ஒரு விஷயத்தை நம் ஊர்ச் சங்கத் தலைவரிடம் ஃபோனில் சொன்னேன். குழுவில் எழுதச் சொன்னார்.

பத்தாவது படிக்கிற பெண். யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்க வேண்டாம், தெரிந்தவர்களும் சொல்ல வேண்டாம். பள்ளி ஆண்டு விழாப் படத்திலிருந்து அவள் முகத்தை எடுத்து வேறு உடம்பில் ஒட்டி, அவளுக்கே அனுப்பி ஒருத்தன் மிரட்டியிருக்கிறான். அவள் நேராக அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அந்த வயதில் அதுவே பெரிய தைரியம். வீட்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபோனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். டியூஷனை நிறுத்தினார்கள். அண்ணன்காரன் கோபத்தில் எல்லாச் செய்தியையும் அழித்துவிட்டான். மிரட்டியவன் கணக்கு அப்படியே இருக்கிறது, நம் கையில் இருந்த ஆதாரம் போய்விட்டது. தண்டனை முழுக்க அந்தப் பிள்ளைக்குத்தான்.

தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் இப்படிப்பட்ட புகாரைப் பெயர் சொல்லாமலே பதியலாம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒட்டுப் படத்தைப் பற்றிப் புகார் வந்தால் சமூக ஊடக நிறுவனங்கள் அதை எடுத்தே ஆக வேண்டும், 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் வந்தபோதே அதற்கு 24 மணி நேரம் கெடு வைத்தார்கள். அதுவும் தெரியாது. குழந்தைகளுக்கான 1098 உதவி எண் பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிறது. கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பெரியவர்கள் நிலைமையும் இதுதான். போலீஸ் போல நடித்து, வீட்டிலேயே கைது, "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று வீடியோ காலில் மிரட்டியதில் பென்ஷன் வாங்கும் ஒருவர் ராத்திரி முழுக்க கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார். நம் தெருவுக்கு அது வந்து சேரவில்லை.

என் கோரிக்கை இதுதான். சங்கத்தின் பெயரில் அரசு மானியத்துக்கு விண்ணப்பிப்போம். இங்கே ஆஸ்திரேலியாவில் இணையப் பாதுகாப்புக்கென்று 2015 முதல் தனி ஆணையமே இருக்கிறது. இந்த மாதிரி வகுப்பு நடத்தும் தொண்டு அமைப்புகளுக்கு மானியமும் கொடுத்திருக்கிறார்கள். நம் நாட்டிலும் மத்திய அமைச்சகங்களும் மாநிலத் துறைகளும் முன்மொழிவு கேட்டு அறிவிப்பு விடுகின்றன. அறிவிப்பு வந்தபின் ஓடினால் நேரம் போதாது. இப்போதே தயாராகலாம்.

குவைத் அண்ணாச்சி

தங்கச்சி, படித்துவிட்டு மனசு கேட்கவில்லை. செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால் கணக்கைப் பேசாமல் மானியத்தைப் பேசக் கூடாது.

மத்திய அரசு மானியம் என்றால் 2017 பொது நிதி விதிகள் பொருந்தும். தணிக்கை செய்த கணக்கு கேட்பார்கள். நூலகக் கட்டட நிதிக்குப் பிறகு நம் சங்கத்தில் தணிக்கை நடந்ததா? நான் மூன்று தடவை இந்தக் குழுவிலேயே கேட்டேன். பதில் இல்லை. தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். அதற்குப் பொறுப்பாளர்களின் பான் விவரம் வேண்டும். நம் பொறுப்பாளர்கள் யார்? தாளில் இன்னமும் பழைய செயலாளர் பெயர்தான். 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி பொறுப்பாளர் மாறினால் படிவம் 7 தாக்கல் செய்ய வேண்டும். செய்யவில்லை.

பணம் வந்தபின் இருக்கிற கட்டுப்பாட்டையும் கேளுங்கள். தனிக் கணக்கு வைக்க வேண்டும். அதில் வரும் வட்டியும் அரசுக்குத்தான், நமக்கில்லை. நிதியாண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள் பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும். மானியத்தில் வாங்கிய எந்தப் பொருளையும் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. சங்கத்து ஜெனரேட்டரை விற்ற விஷயத்தில் நடந்தது போல் நடந்தால், இந்தத் தடவை கேட்பது நானாக இருக்க மாட்டேன், அரசுத் தணிக்கைக்காரராக இருப்பார்.

இதே வேலைக்கு வேறு துறையில் மானியம் வாங்கவில்லை, கேட்கவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் விண்ணப்பம் போடும் நம் வழக்கம் இங்கே ஆகாது.

ஹெட்மாஸ்டர் வீட்டுச் சின்னவர், நியூ ஜெர்சி

மாப்பிள்ளை, உங்கள் பட்டியலைப் படித்தாலே போதும், எதற்கு இந்தப் பிச்சை என்று தோன்றுகிறது. நம் ஊர் யாரிடமும் கையேந்தியதில்லை. பள்ளிக்கூடத்து முதல் இரண்டு வகுப்பறையையும் ஊர்க்காரர்கள் கல் சுமந்து கட்டினார்கள். அப்பா தன் சம்பளத்தில் கரும்பலகை வாங்கிப் போட்டார். இன்று உலகம் முழுக்க நம் பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறோம். ஒரு வருட வகுப்புக்கு ஆகும் செலவு முழுவதையும் நான் தருகிறேன். வங்கிக் கணக்கு எண்ணை அனுப்புங்கள், இந்த வாரமே பணம் வரும். ஜெனரேட்டரை இதில் ஏன் இழுக்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. அதை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

குவைத் அண்ணாச்சி

மாமா, உங்கள் மனசை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணத்தைச் சங்கம் வாங்க முடியாது. நீங்கள் இப்போது அமெரிக்கக் குடிமகன். ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடிமகன்) அட்டை இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் உங்கள் நன்கொடை வெளிநாட்டுப் பணம். 2010 வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் சங்கம் அதைத் தொட்டால் குற்றம். என்னைப் போல இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வித்தியாசம் பாஸ்போர்ட்டில்தான்.

பதிவு வாங்கலாமே என்பீர்கள். மூன்று வருடமாவது இயங்கியிருக்க வேண்டும், கடந்த மூன்று நிதியாண்டில் 15 லட்சம் ரூபாய் நற்பணிக்குச் செலவழித்ததற்குக் கணக்கு காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் அந்தப் பணம் இறங்க வேண்டும். நம்மிடம் தணிக்கை அறிக்கையே இல்லை.

ஹெட்மாஸ்டர் வீட்டுச் சின்னவர், நியூ ஜெர்சி

அப்படியானால் நான் பிறந்த ஊருக்கு நான் வெளியாள். சரி. அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டார். 2014 கூட்டத்தில் என்னைப் பேசவிடாமல் உட்கார வைத்தீர்கள், அது நினைவிருக்கிறது. இப்போது சட்டத்தைக் காட்டுகிறீர்கள். பாஸ்போர்ட் மாறியதால் ஆற்றில் நீந்தக் கற்றுக்கொண்டது பொய்யாகுமா? நான் இனி எழுதவில்லை.

போஸ்ட்மாஸ்டர் வீட்டு மூத்தவள், மெல்போர்ன்

சித்தப்பா, தயவுசெய்து எழுதுங்கள். என் பாஸ்போர்ட்டும் மாறிவிட்டது. அண்ணாச்சி சொன்ன சட்டம் எனக்கும்தான். பணம் அனுப்ப முடியாது என்பதால் நாம் வெளியாள் ஆகிவிட மாட்டோம். இந்தக் காரியத்தில் பணத்தைவிட அதிகம் தேவைப்படுவது உழைப்பு, அதற்கு எந்தப் பதிவும் வேண்டாம்.

"பிச்சை" என்ற பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். நம் ஊர்க்காரர்கள் கட்டிய வரிதான் மானியமாக வருகிறது. நாம் ஒரு வருடம் செலவு செய்து நிறுத்திவிட்டால் அடுத்த வருடம் ஒன்பதாவது வரும் பிள்ளைக்கு யார் சொல்லித் தருவது? பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு? மானியம் வாங்கினால் எழுத்தில் பொறுப்பு வரும். என்ன செய்தோம், யார் கற்றார்கள் என்று பதில் சொல்லியாக வேண்டும். நம் சங்கத்துக்கு இல்லாமல் போனதே அந்தப் பொறுப்புதான் என்பது என் எண்ணம். அண்ணாச்சி கேட்கும் கணக்கு இந்த விண்ணப்பத்துக்குத் தடை இல்லை, அதுதான் விண்ணப்பத்தின் முதல் பக்கம்.

இங்கே எங்கள் தமிழ் அமைப்புக்காக இப்படி ஒரு விண்ணப்பம் எழுதியவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். முதலில் எல்லோரும் "இருபது டேப்லெட் வாங்குவோம்" என்றுதான் ஆரம்பித்தார்கள். மதிப்பிடுபவர்கள் பார்ப்பது வேறு. வகுப்பு முடிந்தபின் பிள்ளையால் என்ன செய்ய முடியும், அதை எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்பதுதான் கேள்வி. "விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்" என்று எழுதினால் அதை அளக்க முடியாது.

ஆகவே நாம் இப்படி எழுதலாம். எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை, ஆண் பிள்ளைகளையும் சேர்த்து. பையன்களை விட்டுவிட்டுப் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் "ஜாக்கிரதை" சொல்வதில் அர்த்தமில்லை. முதல் நாள் ஒரு போலி மிரட்டல் செய்தியைத் தாளில் அச்சடித்துக் கொடுத்து, இது வந்தால் என்ன செய்வாய் என்று எழுதச் சொல்ல வேண்டும். பெயர் எழுத வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். அழிப்பேன், பணம் கொடுப்பேன், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்று எண்ண வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுப்பது, கணக்கின் முகவரியைக் குறித்து வைப்பது, பதில் அனுப்பாமல் இருப்பது, நம்பும் ஒரு பெரியவரிடம் சொல்வது, புகார் பதிவது – இதைக் கையால் செய்து பழக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே மாதிரி இன்னொரு தாள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் அறிக்கை.

அம்மாக்களுக்குத் தனி வகுப்பு வேண்டும். அந்த வீட்டில் தப்பு நடந்தது பிள்ளை சொன்னபிறகுதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, பாதிப் பேர் பெண்கள். தலைமையாசிரியரின் அனுமதிக் கடிதத்தோடு அந்தக் குழுவின் தீர்மானத்தையும் இணைத்தால் விண்ணப்பத்துக்கு எடை கூடும், கூட்டத்துக்கு ஆளும் வரும். முதியோருக்கு ஒரு நாள் போதும்: பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிட வேண்டும், தாமதமானால் பணம் கணக்கு மாறி மாறிப் போய்விடும். இதை மட்டும் பத்துத் தடவை சொல்ல வேண்டும்.

பாடப் பொருளை நாமே புதிதாக எழுதத் தேவையில்லை. மின்னணு அமைச்சகத்தின் தகவல் பாதுகாப்பு விழிப்புணர்வுத் திட்டம், சி-டாக் என்ற அரசு கணினி ஆய்வு மையம் வழியாக, இலவசமாகப் பாடப் பொருள் வெளியிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு ஏற்ற மாதிரி அதைச் சுருக்கி, எளிய தமிழில் ஆக்கிப் பேச வேண்டும். சித்தப்பா, இதற்குத்தான் நீங்கள் வேண்டும். உங்களைப் போலத் தெளிவாகத் தமிழ் எழுதுகிறவர் இந்தக் குழுவில் வேறு யார்? விண்ணப்பத்தின் ஆங்கில வடிவையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

செலவுப் பட்டியல் சின்னதாக இருக்கட்டும்: பயிற்சியாளருக்கு மதிப்பூதியம், பயணம், அச்சு, தணிக்கைக் கட்டணம். பொருள் எதுவும் வாங்காவிட்டால் விற்றார்களா, வைத்திருக்கிறார்களா என்ற பேச்சே வராது.

இன்னொன்று. அந்தப் பெண்ணின் கதையை விண்ணப்பத்தில் சேர்த்தால் உருக்கமாக இருக்கும் என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார். கூடாது. பெயரை மாற்றினாலும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் வெளியே வராமல் காக்கத்தான் போக்சோ சட்டம் பாடுபடுகிறது, நாமே அதை உடைக்கக் கூடாது. படிவத்தில் 18 வயதுக்குட்பட்டவர்களின் பெயர், ஃபோன் எண் எதையும் திரட்ட வேண்டாம். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறது.

அவள் மறுபடி டியூஷனுக்குப் போகிறாள். அத்தை பேசிச் சரிசெய்தார். ஃபோன் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.

ஹெட்மாஸ்டர் வீட்டுச் சின்னவர், நியூ ஜெர்சி

பாடத்தை அனுப்பு பிள்ளை. தமிழ் வடிவை நான் பார்த்துக்கொள்கிறேன். கணக்கில் என் பெயரை எங்கேயும் போட வேண்டாம்.

குவைத் அண்ணாச்சி

நன்றி மாமா. தணிக்கையாளர் கட்டணத்தை என் சேமிப்பிலிருந்து அனுப்புகிறேன், ரசீது வேண்டும். மூன்று வருட வங்கிப் பாஸ்புக் நகல், நூலக நிதி வவுச்சர்கள், தீர்மானப் புத்தகம் – தலைவர் இவற்றை ஸ்கேன் செய்து குழுவில் போடட்டும், எனக்கு மட்டும் தனியாக அனுப்ப வேண்டாம். ஜெனரேட்டர் விற்ற பணமும் அதில் வரவு வைத்திருக்க வேண்டும். படிவம் 7 விஷயமாகப் பழைய செயலாளரிடம் பேச வேண்டியிருக்கிறது. நான் பேசினால் நடக்காது, எல்லோருக்கும் தெரியும். அவரிடம் யார் போவது என்று வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்யுங்கள்.