ஹாம் ரேடியோவில் (அமெச்சூர் வானொலி) பேட்டரியை வைத்துப் பேசும்போது குரல் ஏன் உடைகிறது? உங்கள் அனுபவங்கள்

சேலம் உறுப்பினர்:

ஏற்காட்டில் பேட்டரியை வைத்து ஸ்டேஷன் போட்டிருந்த நண்பரை 40 மீட்டர் அலைவரிசையில் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் அவ்வளவு தெளிவாக இருந்த குரல் மதியத்துக்கு மேல் கரகரத்தது. சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் இறங்கவே இல்லை. ஆனால் அவர் அழுத்திப் பேசும் இடமெல்லாம் சொல் உடைந்தது. டயலை 4, 5 கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்தாலும் சடசடவென்று சிதறல் விழுந்தது. அங்கே பேசிக்கொண்டிருந்தவர்கள் பாவம்.

வோல்டேஜ் கேட்டேன், 12.5 என்றார். அது ரிசீவில் (பேசாமல் கேட்கும்போது) இருக்கும்போது. ரிக்கின் (ரேடியோ செட்டின்) பின்பக்க டெர்மினலிலேயே மல்டிமீட்டரை வைத்து, பி.டி.டி.யை (பேசும்போது அழுத்தும் பொத்தானை) அழுத்தி "ஆ" என்று நீட்டிச் சொல்லச் சொன்னேன். 10.7! வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர், 3 மீட்டர். போக வர 6 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 0.07 ஓம். 100 வாட் ரிக் 20 ஆம்பியர் இழுத்தால் வயரே ஒன்றரை வோல்ட்டைத் தின்றுவிடும். மீதி பேட்டரியிலும் ஃபியூஸ் ஹோல்டரிலும் போகும்.

பெரும்பாலான ரிக்குகளுக்கு 13.8 வோல்ட், கூடக் குறைய 15 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது 11.7-க்குக் கீழே போகக் கூடாது. ஆன்டெனாவுக்குப் பவர் கொடுக்கும் கடைசிக் கட்டமான ஃபைனல் டிரான்சிஸ்டர்களுக்கு இந்த வோல்டேஜ்தான் நேராகப் போகிறது. கொடுக்கக்கூடிய பவரோ வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10.7-ல் 60 வாட்தான் தாங்கும். பவர் அளவு மீறாமல் தானாகக் கட்டுப்படுத்தும் ஏஎல்சி இன்னும் 100 வாட்டுக்கே காத்திருப்பதால் குரலின் உச்சிகள் தட்டையாக வெட்டப்படுகின்றன. அந்த வெட்டுதான் இருபுறமும் சிதறுகிறது. 100-க்கும் 60-க்கும் வித்தியாசம் 2 டெசிபலுக்குச் சற்று மேல், எஸ் மீட்டரின் ஒரு படியான எஸ் யூனிட்டில் (6 டெசிபல்) பாதிகூட இல்லை. அதனால்தான் என் மீட்டரில் ஒன்றும் தெரியவில்லை.

பவரை 40 வாட்டுக்குக் குறைக்கச் சொன்னேன். கரண்ட் குறைந்தது, வோல்டேஜ் ஏறியது, குரல் பழையபடி வந்தது. இந்த நேரத்தில் மைக் கெய்னை (மைக்கின் ஒலி அளவை) ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. தயவுசெய்து ஏற்றாதீர்கள். இப்போது அவர் 6 ஸ்கொயர் வயர் போட்டிருக்கிறார்.

மதுரை உறுப்பினர்:

2 மீட்டர் அலைவரிசையில் எஃப்எம்மில் பேசும்போது இவ்வளவு தொல்லை இல்லை. அங்கே அலையின் உயரம் மாறாது, அதனால் உச்சி வெட்டுப்பட்டாலும் பேச்சு கெடாது. பவர் குறையும், சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டருக்குச் சரியாக எட்டாமல் இரைச்சல் ஏறும், அவ்வளவே.

தூத்துக்குடி உறுப்பினர்:

நான் சொல்வது சிடபிள்யூ, அதாவது மோர்ஸ் கோட். வீட்டில் செய்த சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்று, கீயை அழுத்தினால் கிளி கத்துவதுபோல் சுருதி வழுக்கியது. ஃபைனல் கரண்ட் இழுக்கும்போதெல்லாம் அதே லைனில் இருந்த, அலையை உருவாக்கும் ஆஸிலேட்டரின் வோல்டேஜும் ஆடியதுதான் காரணம். ஆஸிலேட்டருக்கு மட்டும் தனியாக 7808 ரெகுலேட்டர் (8 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் ஐசி) போட்டதும் சுருதி நின்றது. ஆனால் 7808-க்கு உள்ளே 10 வோல்ட்டாவது வந்தாக வேண்டும். பேட்டரி ரொம்ப இறங்கினால் வழுக்கல் திரும்ப வந்துவிடும். உள்ளே வரும் வோல்டேஜ் சற்றே கூடுதலாக இருந்தாலே போதும் என்ற லோ டிராப்அவுட் வகை கிடைத்தால் அதையே போடுங்கள்.